சோறு அரிசியாகும் வீடு

கந்தவேல் நகர் மூன்றாவது தெருவில் லீலா வீட்டு வாசற்படியைத் தாண்டினால் சோறு அரிசியாகிவிடும். இட்லி கொண்டுபோனால் அரிசியும் உளுந்தும் ஈரத்தோடு தனித்தனியாகப் பிரிந்து பாத்திரத்தில் கிடக்கும். டீ வாங்கிப்போனால் டம்ளரில் தண்ணீரும் பாலும் கரும்புச்சாறும் நிற்கும், மேலே இரண்டு பச்சைத் தேயிலைக் கொழுந்து மிதக்கும். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், வயலெல்லாம் மனையாகி மனையெல்லாம் வீடாகிவிட்ட இந்தப் பக்கத்தில், இதைப் பற்றி இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வழி கேட்கிற கூரியர்க்காரரிடம் "சோறு அரிசியாவுற வூடு கீதே, அதுக்கு எதிர் வூடு" என்று அடையாளம் சொல்லுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டைக் கட்டியவர்கள் ரகுபதியும் அவர் மனைவி லீலாவும். ரகுபதி ஒரகடத்தில், கார் கியர்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துகிற கம்பெனியில் உலைக்கு முன்னால் நிற்கிறவர். லீலாவுக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் போன் பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஒரே மகள் பூர்ணிமா பத்தாவது படிக்கிறாள். கிரகப்பிரவேசத்தன்று ஐயர் வளர்த்த ஹோமம் நன்றாகவே எரிந்தது. விளக்கு எரிந்தது, கற்பூரம் எரிந்தது, மேஸ்திரி பின்பக்கம் ஒதுங்கிப் பற்றவைத்த பீடிகூட எரிந்தது. பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் தீ நிற்க மாட்டேன் என்றது. கேஸ்காரர் வந்து ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தார். ரகுபதியின் அண்ணன் ஸ்ரீதர் கரண்ட் அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதில் விளக்கு மட்டும் எரிந்தது, பால் சுடவில்லை. அடுத்த வீட்டு ராஜலட்சுமி மனசு கேளாமல் தன் வீட்டிலேயே பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி எடுத்து வந்தார். வாசற்படியைத் தாண்டியதும் ஆடை கரைந்துபோய், பால் அப்போதுதான் கறந்த சூட்டில் வந்து நின்றது. வந்தவர்கள் வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போனார்கள், தெருமுனை தாண்டியதும் திறந்தார்கள்.

முதல் சில மாதம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அவலை ஊறவைத்துச் சாப்பிடுங்கள் என்றார் ஒருவர். அவலும் சூடு பட்டுத்தானே வருகிறது, அது நெல்லாகிவிட்டது. புழுங்கலரிசி பச்சரிசியானது, பொட்டுக்கடலை தோலோடு கூடிய கொண்டைக்கடலையானது, டப்பாவில் போட்டு வைத்த வெல்லம் கரும்புச்சாறாகி மேடையெல்லாம் ஒழுகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூர்ணிமா ஆசைப்பட்டாள் என்று சுங்குவார்சத்திரத்திலிருந்து கால் பிளேட் சிக்கன் பிரியாணி வாங்கி வந்தார்கள். படியைத் தாண்டியதும் பொட்டலம் அசைந்தது, பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு கோழி எழுந்து இறகை உதறிக்கொண்டு நடந்தது. கால் பிளேட்டுக்கு முழுக்கோழி எப்படி வந்தது என்று கடைக்காரர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாத்திரை மட்டும் மாத்திரையாகவே இருந்தது. வெளியே தின்றுவிட்டு உள்ளே வந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. வயிறு தனி வீடு, அதில் அந்த வாசற்படிக்கு அதிகாரம் இல்லை என்று தெருக்காரர்கள் நாங்கள் முடிவுசெய்தோம்.

லீலாவின் கவலை அடுப்பைப் பற்றியதே அல்ல. ரகுபதிக்குப் பசித்துப் பல வருஷமாகியிருந்தது. காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி, எப்போது பசிப்பது என்று தெரியாமல் வயிறு குழம்பி, கடைசியில் நமக்கேன் வம்பு என்று சும்மா இருந்துவிட்டது. கம்பெனி சைரன் ஊதினால், வீட்டில் இருந்தாலும் தட்டை எடுப்பார், தட்டு காலியானால் எழுந்துவிடுவார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆள் வருஷத்துக்கு வருஷம் இளைத்தார், சட்டைக்குள் தோள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தண்டலத்தில் ஒரு டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து, நோய் எதுவும் இல்லை, பசியை மருந்தால் வரவழைக்க முடியாதம்மா என்று கைவிரித்தார். கம்பெனி பஸ்ஸில் மற்ற பெண்கள், வீட்டுக்குப் போனதும் போகாததுமாகப் பசிக்குது பசிக்குது என்று புருஷன் உயிரை வாங்குவதாகக் குறைப்படும்போது, லீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்குப் பொறாமையாக இருந்தது.

வீடு சமைக்க விடவில்லை என்றானதும் லீலா சளைக்கவில்லை. பயறை முளைகட்டினார், வேர்க்கடலையை ஊறவைத்தார், பூசணியைத் துருவி எலுமிச்சை பிழிந்தார், பச்சரிசியை இடித்துக் கரும்புச்சாறு விட்டுப் பிசைந்தார். இதெல்லாம் ஒரு சாப்பாடா என்று ராஜலட்சுமி கேட்டதற்கு, "பெருமாளுக்கு மாவிளக்கு மாவும் ஊறவெச்ச பயத்தம்பருப்பும்தான வெக்கிறோம்? துன்னுட்டு அவுரு நல்லாத்தான கீறாரு" என்றார். பச்சையாகச் சாப்பிடுவதில் ஒரு சங்கடம், மென்றே ஆக வேண்டும். மூன்று பேர் கேரட்டைக் கடித்தால் டிவியில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே கேட்காது, அதனால் டிவியை அணைத்துவிட்டார்கள். அணைத்த பிறகுதான் உடம்பு பேசுவது கேட்டது. பூர்ணிமாவின் உடம்பு ஒரு வாரம் முழுக்கக் கொய்யாவைக் கேட்டது, பிறகு போதும் என்றது. லீலாவின் உடம்பு உப்பைக் குறை என்றது, மத்தியானம் கொஞ்சம் படு என்றது. இத்தனை வருஷம் கூடவே இருந்த ஒருத்தியை இப்போதுதான் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்ததாம் அவருக்கு. ஒவ்வொரு வேளையும் கத்தியை எடுக்குமுன் "உடம்பு இன்னா கேக்குது?" என்று இருவரையும் கேட்பார். ரகுபதி கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே காது கொடுப்பார். பிறகு, பரீட்சையில் பதில் தெரியாத பையனைப் போல, "அது ஒண்ணியும் கேக்கல லீலா" என்பார். அவருக்கு நாள்பட்ட வாய்ப்புண் ஆறியது, தூக்கம் வந்தது, பசி மட்டும் வரவில்லை.

ஸ்ரீதர் ஒருநாள் தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "அடுப்பு எரியாத வூடு ஒரு வூடாம்மா? பாதி ஆளா போயிட்டான் பாரு. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்கும் பயறுதான் குடுப்பியா?" பெண் பார்க்க யாரும் வரப்போவதில்லை, பூர்ணிமாவுக்குப் பொதுத்தேர்வுதான் வரப்போகிறது. ஆனால் பாதி ஆள் என்ற வார்த்தை லீலாவைத் தைத்துவிட்டது. வீடா புருஷனா என்று வந்தபோது அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நெருப்பில் வெந்த சோற்றைத் தினமும் தன் கையாலே பரிமாறினால் ரகுபதியின் வயிறு பழையபடி விழித்துக்கொள்ளுமோ என்று நினைத்தார். குன்றத்தூரில் மலைக்குக் கீழே ஒரு வாடகை வீட்டை ஸ்ரீதர் பார்த்து முடித்தார். "அடுப்பு ஜோரா எரியுது. நானே பத்தவெச்சிப் பாத்துட்டேன்" என்றார்.

ரகுபதிக்கு வார விடுமுறை வந்த நாளில் சாமான் ஏற்றுகிற சின்ன யானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. பீரோ, கட்டில், பாத்திரம் என்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். கடைசியாக இருந்த காய்கறியையும் லீலா ஒரு பையில் கட்டி மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அப்போது தூரத்தில் கம்பெனி சைரன் ஊதியது. ரகுபதி பழக்கதோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தட்டு வண்டியில் இருந்தது. லீலா மெத்தையைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். ரகுபதிக்கு முன்னால் யாரும் எதையும் வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சைரன் ஊதியும் சாப்பாடு வராமல் போனது அதுதான் முதல் தடவை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "லீலா, வயித்துல இன்னாமோ பண்ணுது" என்றார்.

லீலா பதறிப்போய் ஓடிவந்தார். வலியா, எரிச்சலா, டாக்டரிடம் போகலாமா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "வலி இல்ல. உள்ள யாரோ கையப் புடிச்சி இழுக்கிற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு ரகுபதி கண்ணை மூடினார். "பசின்னு நெனைக்கிறேன்" என்றார், யாரோ ஊர்க்காரனைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு அவன்தானா என்று சந்தேகப்படுகிற குரலில். லீலா அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

வெளியே நின்ற ஸ்ரீதருக்கு ஒரே சந்தோஷம். "பசிச்சா வாடா, பூரி வாங்கியாந்து வெச்சிக்கீறேன்" என்று வாசல் கேட்டுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். ரகுபதி வெளியே போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். பசி போய்விட்டது. உள்ளே வந்தார், வந்துவிட்டது. ஸ்ரீதர் நம்பாமல் மறுபடி போகச் சொன்னார், மறுபடி வரச் சொன்னார். எதிர் மாடியில் துணி காயப்போட வந்த நாங்கள், ஒரு ஆள் தன் வீட்டு வாசற்படியை மாறி மாறித் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ரகுபதி மீட்டர் பார்த்துச் சொல்லுகிறவர் மாதிரி, "உள்ள கீது. வெளிய இல்லண்ணா" என்று அறிவித்தார். ஸ்ரீதர் பூரியை மூடினார்.

லீலா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். குரல்தான் வழக்கம்போல இல்லை. "உடம்பு இன்னா கேக்குது?" ரகுபதி காது கொடுத்தார். "முள்ளங்கி" என்றார். இன்னும் கொஞ்சம் கவனித்துவிட்டு, "தேங்கா" என்றார்.

முள்ளங்கி வண்டியில் பீரோவுக்குப் பின்னால், மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. லீலா வாசலுக்கு வந்து டிரைவரைப் பார்த்து, "எறக்குங்க" என்றார். எதை என்று டிரைவர் கேட்டார். "எல்லாத்தையும்" என்றார் லீலா. ஸ்ரீதர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், உள்ளே உட்கார்ந்திருந்த தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அடுப்பையும் சிலிண்டரையும் மட்டும் இறக்க வேண்டாம் என்று லீலா சொல்லிவிட்டார். அது இப்போது ஸ்ரீதர் வீட்டில் இருக்கிறது, நன்றாக எரிகிறது. விசேஷ நாட்களில் சொந்தக்காரர்கள் அங்கே சமைத்து எடுத்து வந்து, கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து வெள்ளரிக்காய் கடிக்கிறார்கள்.

அன்றைக்கு மூட்டையைத் தேடுகிற பொறுமை லீலாவுக்கு இல்லை. ராஜலட்சுமி மதிலுக்கு மேலே கையை நீட்டி இலையோடு இருந்த இரண்டு முள்ளங்கியையும் ஒரு தேங்காயையும் கொடுத்தார். கத்தியும் வண்டியில்தான். லீலா தேங்காயை வாசற்படியில் அடித்து உடைத்தார், முள்ளங்கியைக் கழுவி அப்படியே கையில் கொடுத்தார். காலி வீட்டில் ரகுபதி கடிக்கிற சத்தம் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பியது. லீலா எதிரே உட்கார்ந்து, நன்றி சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், அந்தத் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். ரகுபதி கடைசித் துண்டையும் மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "இன்னும் கீதா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை. "கீது, கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு லீலா, செருப்புகூடப் போடாமல், ராஜலட்சுமி வீட்டுக்கு ஓடினார்.