பூஜ்ஜியமாகிப் போன கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

"டாக்டர்களைப் பார்க்கப் போறே, ஆனா மருந்து விக்கலைங்கிறே. அப்போ அரட்டை அடிக்கவா சம்பளம் தர்றாங்க?" என்று அத்தான் போனில் கேட்டுச் சிரித்தாரே, அதற்கு இந்த வாரம் நடந்ததையே பதிலாக எழுதுகிறேன். அவருக்கும் படித்துக் காட்டு.

விற்பனைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் மருந்தை யாருக்கெல்லாம் கொடுத்துச் சோதித்தார்கள், என்ன ஆயிற்று என்று டாக்டர்கள் கேட்டால், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் என் வேலை.

செவ்வாய்க்கிழமை ஒரு சிறுநீரக டாக்டரைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவார். ரத்தம் உறையாமல் தடுக்கும் எங்கள் புது மாத்திரையை டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தால் ரத்தக்கசிவு வருமா என்று அவராகவே கேட்டார். கம்பெனி தயாரித்த அட்டவணையைக் காட்டினேன். டயாலிசிஸ் வரிசையில் பூஜ்ஜியம். "பரவாயில்லையே!" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை வேறொரு வேலையாக மூலக் கட்டுரையைப் புரட்டியபோது அதே டயாலிசிஸ் வரிசை கண்ணில் பட்டது. அங்கே இருந்தது பூஜ்ஜியம் இல்லை, ஒரு சின்னக் கோடு. அப்படிப்பட்ட நோயாளிகளைச் சோதனையில் சேர்க்கவே இல்லை என்று அர்த்தம். யாருக்கும் ரத்தம் கசியவில்லை என்பது வேறு, யாரையும் பார்க்கவே இல்லை என்பது வேறு. கம்பெனியில் அதைப் பார்த்து அட்டவணை போட்டவர் கோட்டைப் பூஜ்ஜியமாக்கிவிட்டார். ஒத்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் காட்டியவள் நான்.

மேலாளரிடம் சொல்லி அட்டவணையை நிறுத்த வைத்தேன். பக்கத்து மேசை விற்பனைக்காரர், "ஒரு மெயில் தட்டிவிடுங்க மேடம். நேர்ல போனா உங்களை நறுக்கித் தள்ளிடுவாரு. அப்புறம் எனக்கும் கதவு திறக்காது" என்றார்.

"மெயிலை அவர் எப்போ பார்ப்பாரோ? அதுவரைக்கும் மாத்திரை காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கிளம்பிவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை நான் காட்டினது தப்பு டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் வெட்டவில்லை. கட்டுரையை விரித்துக் கோட்டைக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இன்னிக்கு மத்தியானம் ஒரு அம்மாவுக்கு ஆரம்பிக்கச் சொல்லிட்டேனே!" என்று போனை எடுத்தார். "ஏழாம் கட்டில்ல இருக்கிறவங்களுக்குப் புது மாத்திரை கொடுத்தாச்சா?"

நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டது. "இல்ல டாக்டர், சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. முடிச்சதும் கொடுத்திடறேன்."

"வேண்டாம், கொடுக்காதீங்க. நான் வர்றேன்."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"இதை அன்னிக்கே பார்த்திருக்கணும்" என்றார் கடுப்பாக.

"ஆமா டாக்டர். கம்பெனி அட்டவணைதானேன்னு நம்பிட்டேன்."

கட்டுரையை மடித்து என்னிடம் நீட்டினார். "இங்கே வந்து சொல்லிட்டுப் போறவங்க ஏகப்பட்ட பேர். சொன்னதைத் திரும்ப வாங்கிக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். "சரி, டயாலிசிஸ் நோயாளிகளை வச்சு வேற எங்கேயாவது சோதிச்சிருக்காங்களா?"

"தெரியாது டாக்டர். தேடிப் பார்த்துத் திங்கட்கிழமை சொல்றேன்."

"பத்து மணிக்கு வாங்க. அரை மணி நேரம் ஒதுக்கறேன்."

அக்கா, 'தெரியாது' என்று சொல்லிவிட்டு இவ்வளவு தலைநிமிர்ந்து நான் எந்த ஆஸ்பத்திரிப் படியிலும் இறங்கியதில்லை. படிக்க வேண்டிய கட்டுரைகள் ஒன்பது மேசையில் கிடக்கின்றன. அதனால் இத்தோடு,

உன் தங்கை.