மேற்படியாரின் நாற்பத்து மூன்று கட்டுரைகள்

மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுவைப் பற்றி உலகத்தில் யார் எந்த மொழியில் கட்டுரை எழுதினாலும், அதன் பெயர் சில மாதங்களில் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடிக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கே ஓர் ஆராய்ச்சி அலுவலகம் இருந்தது. வாடகை குறைவு என்பதைத் தவிர அதற்கும் சுக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வந்த அறிஞர்கள் எல்லோரும் இரண்டு தும்மல் போட்ட பிறகுதான் வணக்கம் சொன்னார்கள்.

அலுவலகத்தில் மூன்று பேர். இயக்குநர் சங்குண்ணி மேனோக்கி, தட்டச்சு செய்யும் ஓமனா, அட்டை எழுதும் அலாவுதீன். ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை. அதில் எழுதியவர் பெயர், தலைப்பு, எந்த ஆய்விதழ், எந்த ஆண்டு. ஆண்டுக்கொரு முறை அட்டைகளையெல்லாம் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு நூலடைவாக அச்சடித்து நாற்பது நாடுகளுக்கு அனுப்புவார்கள். படகு கட்டுபவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. புழுவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

அலாவுதீன் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. பூர்வீகம் தென்காசிப் பக்கம் என்று வாப்பா சொல்லிக் கேட்டதோடு சரி. அவனுக்குத் தமிழைவிட மலையாளம்தான் வேகமாக வாசிக்க வரும். இந்த வேலைக்கு வருமுன் அதே கட்டடத்தின் கீழே மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். அங்கே யாரும் ஒரே சரக்கின் பெயரை இரண்டு தடவை எழுதமாட்டார்கள். முதல் சீட்டில் 'சுக்கு, ஆலுவா' என்று சரக்கும் ஊரும் இருந்தால், அடுத்த பத்துச் சீட்டிலும் 'மேற்படி' என்றுதான் இருக்கும்.

மாடி ஏறியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு ரஷ்யர் ஆறு கட்டுரை எழுதியிருந்தால் முதல் அட்டையில் அவர் பெயரை முழுசாக எழுதுவான். மற்ற ஐந்தில் மேற்படி. ஆங்கில அட்டை என்பதால் அதையும் ஆங்கில எழுத்தில். அச்சுக்குப் போகுமுன் அவனே உட்கார்ந்து மேற்படியை எல்லாம் அடித்துப் பெயர்களைப் போட்டுவிடுவான். ஆறு வருஷம் ஒரு பிசகு கிடையாது.

அறுபத்து நாலில் அவனுக்கு அம்மை போட்டது. இருபத்தோரு நாள் படுக்கை. மேனோக்கிக்கு அச்சகத்தின் அவசரம். அட்டைகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி அனுப்பும்படி ஓமனாவிடம் சொல்லிவிட்டார். அவளைக் குறை சொல்ல முடியாது. ஓர் எழுத்துப் பிசகாமல் அடுக்கியிருந்தாள்.

அலாவுதீன் தழும்போடு திரும்பி வந்து புத்தகத்தைப் பிரித்தான். முப்பத்தொன்றாம் பக்கம். அங்கே மேற்படி என்று ஓர் அறிஞர் நின்றுகொண்டிருந்தார். கட்டுரைகள் நாற்பத்து மூன்று. முதலாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் நார்வே மொழியில், கடைசி போன வருஷம் ஜப்பானியத்தில். இடையில் போர்த்துகீசியம், ரஷ்யன், டச்சு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இந்தப் புழு விஷயத்தில் உலகத்திலேயே அவ்வளவு உழைத்தவர் வேறு யாரும் இல்லை.

"இக்கா, ஞான் தப்பா அடுக்கிட்டேனா?" என்றாள் ஓமனா.

"நீ சரியாத்தான் அடுக்குன. தப்பு எங்கிட்ட," என்றான். அவமானத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பத்து மூன்று கட்டுரைகளின் உண்மையான சொந்தக்காரர்களையும் ஞாபகத்திலிருந்தே எழுதி மூன்று பக்கப் பட்டியல் தயாரித்தான். மேனோக்கி அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் நோக்கலாம்," என்றார்.

அதற்குள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. டென்மார்க்கிலிருந்து ஒருவர் டாக்டர் மேற்படியின் கட்டுரைப் பிரதிகளைக் கேட்டார். போலந்து ஆய்விதழ் ஒன்று அவரை ஆசிரியர் குழுவில் சேரும்படி அழைத்தது. மேனோக்கி எதற்கும் பதில் போடவில்லை. பதில் வராததால் டாக்டர் மேற்படியின் மதிப்பு இன்னும் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியில், சின்னச் சின்ன நூலடைவுகளின் எதிர்காலத்தை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். பத்து வருஷத்தில் எல்லாக் கட்டுரைகளையும் இயந்திரமே வாசித்து இயந்திரமே அடுக்கிவிடும், அதுவரைக்கும் மிச்சமிருப்பவற்றை ஒரே கூரையின் கீழே கொண்டுவந்துவிடலாம் என்பது குழுவின் நினைப்பு. மட்டாஞ்சேரியைப் பார்க்க ஓர் உறுப்பினர் வருவதாகத் தந்தி வந்தது.

மேனோக்கி அலாவுதீனைக் கூப்பிட்டார். "எடோ, இது நிலைச்சுன்னா அடுத்த புத்தகத்தில முதல் பக்கத்திலயே உன் பேரு அச்சாகும். வாக்கு."

அன்று சாயங்காலமே அவன் அதை மனைவி சுல்ஃபத்திடம் சொன்னான். மஃரிபு தொழுகைக்கு முன்னாலேயே அது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் சுல்ஃபத் அந்தப் பெயரை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. அச்சில் வந்தால் விரலை வைத்துக் காட்டலாமே என்று, பக்கத்து வீட்டு டீச்சரிடம் அதன் ஆங்கில முதல் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். அடுக்களைச் சுவரில் கரியால் அதை எழுதியும் பார்த்தாள். கூடாரம் மாதிரி இரண்டு கோடு, குறுக்கே ஒன்று.

டெல்லி உறுப்பினர் பெயர் வாஞ்சிநாதன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. மூன்று தும்மலுக்குப் பிறகு நேராக முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

"இந்த மேற்படி எங்கே இருக்கார்? தஞ்சாவூர்ப் பக்கமா? ஊர்ப் பெயர் மாதிரி இருக்கே. இவரை வெச்சுத்தான் இந்த நூலடைவு தொடரணும்னு அறிக்கையே எழுதி முடிச்சுட்டேன். ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மேனோக்கி ஜன்னல் வழியே வைப்பின் தீவுப் பக்கம் போகும் படகைப் பார்த்தார். ஓமனா தட்டச்சு இயந்திரத்துக்கு உறையை மாட்டினாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் அச்சாகிவிடும். அலாவுதீனுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அந்த நாற்பத்து மூன்று கட்டுரைகளையும் எழுதியவர்கள் ஆறு வருஷமாக அவனோடு பழகியவர்கள்.

"சார், அது ஆளில்ல," என்றான். "மேல சொன்ன ஆளுதான்னு அர்த்தம். சோம்பேறித்தனத்துல ஞான் எழுதுனது. சரியான பேரெல்லாம் இதுல இருக்கு." பட்டியலை நீட்டினான்.

வாஞ்சிநாதன் பட்டியலைப் பார்த்தார். தன் அறிக்கையைப் பார்த்தார். "இதை அச்சடிச்சா எத்தனை பக்கம் ஆகும்?"

"மூணு சார்."

"மேலே சொன்ன ஆள்னுதானே அர்த்தம்னேள்? இங்கே மேலே யார் இருக்கா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆங்கில அகரவரிசையில் மேற்படிக்கு நேர் மேலே மேனோக்கி இருந்தார். வாழ்நாளில் அவர் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. அதுவும் இரண்டு பக்கம்.

மேனோக்கிகூடத் தும்மினார்.

"அப்போ பிழைதிருத்தம் ஒரு வரி போதும்," என்றார் வாஞ்சிநாதன். "'மேற்படி என்பதை மேலே உள்ளவர் என்று வாசிக்கவும்.' அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

இல்லைதான். அலாவுதீன் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

நூலடைவு பிழைத்தது. மேனோக்கி நாற்பத்து நான்கு கட்டுரைகளின் ஆசிரியராகி வியன்னா மாநாட்டுக்குப் போய்வந்தார். வாக்கையும் அவர் மறக்கவில்லை. அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'தொகுப்பு: கே. எஸ். மேனோக்கி' என்று இருந்தது. அதன் கீழே 'அட்டைகள்: மேற்படி' என்று இருந்தது.

அலாவுதீன் அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான்.

"அதென்னடோ, உன்ட வாக்குத்தானே?" என்றார் மேனோக்கி. மலையாளத்தில் வாக்கு என்றால் வார்த்தை.

அவன் ஒரு பிரதியில் அந்த மூன்று பக்கப் பட்டியலை மடித்து வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனான். சுல்ஃபத் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் கூடாரத்தைத் தேடி விரல் மேலும் கீழும் போய்வந்தது.

"எங்கங்க?"

அவன் கடைசி வார்த்தையைக் காட்டினான்.

"இது வேற எழுத்துல்ல?"

"ஆபீஸ்ல எனக்கு இதான் பேரு." அவளிடம் அவன் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எப்படி வாசிக்கிறது?"

சொன்னான். அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

"அப்ப இந்தப் பேரை ஞான் சொல்லலாம்ல?"

அவன் தலையை ஆட்டினான்.

அவள் புத்தகத்தைச் சுவரில் இருந்த கரி எழுத்துக்குக் கீழே மாடத்தில் வைத்தாள். சாயாவை ஆற்றிக்கொண்டு வந்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மேற்படி, சாயா குடிங்க."