இரவல் பெயர்

வலது தோளுக்குள் கரும்பு வெட்டும் கத்தியை யாரோ சொருகித் திருகுவது போலிருந்தது. சட்டையைத் தலைவழியே கழற்ற முடியவில்லை. அப்படியே ஐஸ் பையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டேடியத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பெரிய பேஸ்பால் அணிக்குப் பந்து வீசும் பிட்சராக வந்த முதல் வருஷம். மூன்று ஆட்டம் வீசி மூன்றிலும் செமத்தியாக அடி வாங்கியாயிற்று. நாளை நாலாவது. அதிலும் சொதப்பினால் பெட்டியைக் கட்டு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கட்டினால் கரும்புக் காடுதான். அப்பா இன்னும் அங்கேதான் வெட்டுகிறார்.

காவலாளி எட்டிப் பார்த்துக் கூவினான். "எலியாசர்! உன் சொந்தக்காரனாம். பேர் கேட்டா முழிக்கிறான். அடி வாங்கினது நீ, புத்தி கலங்கினது இவனுக்கா?"

வந்தவன் சித்தப்பா மகன். உண்மையில் அவன்தான் எலியாசர். நான் நெல்கின். எங்கள் குடியிருப்பில் இது ரகசியமே இல்லை. பதினாறு வயதுப் பையனுக்குத்தான் அணிகள் பணம் கொட்டும். எனக்கு அப்போதே பத்தொன்பது, அவர்களுக்குக் கிழவன். அதனால் அணிக்கு ஆள் பிடிக்கும் தரகர் இவனுடைய பிறப்புச் சான்றிதழை வைத்து எனக்கு அடையாள அட்டை எடுத்தார். சான்றிதழைச் சித்தப்பாவே கொடுத்தார். வந்த பணத்தில் இரண்டு வீட்டுக்கும் கான்கிரீட் கூரை போட்டோம். ரெண்டே வருஷம், திருப்பித் தந்துடறேன் என்றேன். நாலு ஆகிவிட்டது.

"பொம்பளப் பிள்ள பொறந்திருக்குண்ணே. பதினோரு நாளாச்சு."

"அட! சொல்லவே இல்ல?"

"பொறப்பப் பதிய ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல என் பேரைத் தட்டினா உன் மூஞ்சி வருது. 'பிட்சர் பிள்ளையா? அவரை வரச்சொல்லு, நீ யாரு?'ன்னு சிரிக்கிறா அங்க பதியற பொம்பள. இல்லாட்டி அப்பன் யாருன்னு தெரியாதுன்னு எழுதட்டுமாங்கிறா."

ஐஸ் உருகி முதுகில் வழிந்தது.

"நாளைக்கு நீதானே வீசுற?"

"ஆமா."

"மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேண்ணே."

"நீ ஒருத்தனாவது ஏத்தினியே."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ தோக்கணும்னு."

தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. சின்ன வயதில் பால் டப்பா அட்டையை மடித்துக் கையுறையாக மாட்டிக்கொண்டு நான் வீசிய பந்தையெல்லாம் பிடித்தவன் இவன். ஒருமுறை பந்து பட்டு முன்பல் உடைந்தபோதுகூட, "இன்னொண்ணு போடுண்ணே" என்று ரத்தத்தைத் துப்பிவிட்டு நின்றவன்.

"உன்மேல கோவமில்லண்ணே. அனுப்பிட்டாங்கன்னா என் பேர்ல இருக்கிற அடையாள அட்டைய விட்டுருவேல்ல?"

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீ எங்க தரப்போற."

உள்ளேயிருந்து மேனேஜர் கத்தினார். "எலியாசர்! வந்து தோளைக் காட்டுடா!"

இருவரும் திரும்பினோம். எழுந்தது நான்தான். அவன் படியிலேயே இருந்தான், பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு.

அவனுக்கு நான் தர வேண்டியது அவன் பெயர். இன்னும் தரவில்லை.