எண்பத்தெட்டுக் கட்டைகள்

கணவன் கப்பலேறிப் போன மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவள் கீபோர்டு வாங்கக் கிளம்பினாள். கிளம்பினாள் என்பதைவிடக் கிளப்பினார்கள் என்பதே சரி. நடுக்கடலிலிருந்து கணவன் வாரக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் தெருவில் இருந்த அவனுடைய தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அண்ணி, நீங்க தலை சீவி முடிக்கறதுக்குள்ள நான் கடையையே தூக்கிட்டு வந்துடுவேன் போல இருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில். வட்டமாக வரும் வில்லைகளை, சட்டத்தில் உட்காரும்படி விளிம்பு தேய்த்துக் கொடுக்க வேண்டும். இயந்திரம் தேய்த்து முடித்த பிறகும் கட்டைவிரலால் ஒருமுறை ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். மயிரிழை கூடுதலாக இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். "உன் விரல்ல ஒரு கண்ணு இருக்கு" என்பார் முதலாளி.

கணவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை ஃபிட்டர். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் சேர்ந்து இருந்த நாட்களை ஒரு மழை நாளில் அவள் கூட்டிப் பார்த்தாள். இரண்டு வருஷம்கூட முழுசாகத் தேறவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கணக்கை அவள் போடவே இல்லை. குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேச வேண்டியதைப் பேசி, அழ வேண்டியதை அழுது, எப்போதோ ஓய்ந்துவிட்டார்கள்.

பியானோ ஆசை பழையது. அவள் படித்த பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் துணி போர்த்திய பியானோ ஒன்று இருந்தது. ஆண்டு விழாவுக்கு மட்டும் திறப்பார்கள். ஒருமுறை கூடத்தைத் துடைக்கும் முறை அவளுடைய வகுப்புக்கு வந்தபோது, துணிக்குள் கையை விட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். அந்தச் சத்தம் கூடம் முழுக்க நின்று, மெல்ல மெல்லத்தான் போனது. அது போய் முடிவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். ஒரு மணி நேரம் வெளியே முட்டி போட்டிருந்ததில் முட்டி வலித்ததே தவிர, அழுத்தியதற்காக அவள் வருத்தப்படவில்லை. கல்யாணமான புதிதில் இதைக் கணவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. மனசில் போட்டு வைத்துக்கொண்டான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஏங்க, திடீர்னு இப்போ எதுக்கு?" என்று போன வாரம் கேட்டிருந்தாள்.

கப்பல் தொலைபேசியில் ஒரு சொல் போய்ச் சேர இரண்டு விநாடி, பதில் வர இரண்டு விநாடி.

"உனக்குத்தானேம்மா ஆசை? தனியா இருக்கியேன்னுதான்..."

அந்த 'தனியா' அவளுக்குச் சுருக்கென்றது. 'தனியா இருக்கேன்னு தெரியுதில்ல, அப்போ நீங்க வர்றதை விட்டுட்டு உங்களுக்குப் பதிலா ஒரு பெட்டியை அனுப்பறீங்களா?' என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்து, அவன் "என்ன சொன்ன?" என்று கேட்டு, அவள் திரும்பச் சொல்லி முடிப்பதற்குள் கோபமே ஆறிப்போகும். சண்டை போடுவதற்குக்கூட லைன் நன்றாக இருக்க வேண்டும். "சரி, பார்க்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

கடை இரண்டாவது மாடியில் இருந்தது. விற்பனையாளர் ஒல்லியாக, உயரமாக, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றார். அவள் கண் கீபோர்டுகளுக்கு முன் அந்தக் கண்ணாடி மேல்தான் போனது.

"யாருக்குங்க? பசங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"நல்லதுங்க" என்றார் சற்றும் அசராமல். "முதல் முதலா கத்துக்கறவங்க நெறைய பேர் இதைத்தான் வாங்கறாங்க. அறுபத்தொரு கட்டை. அறுநூறு விதமான சத்தம். தாளம் அதுவே போட்டுக்கும்."

கணவன் படம் அனுப்பியிருந்ததும் இதைத்தான். நாத்தனாருக்குக் கண்டதும் பிடித்துப்போயிற்று. ஒரு பொத்தானை அழுத்தினாள், புல்லாங்குழல். இன்னொன்று, மத்தளம். மூன்றாவதில் கீபோர்டு நாய் போலக் குரைத்தது.

"அண்ணி! நாய்கூட இருக்கு அண்ணி! காவலுக்கும் ஆச்சு."

விற்பனையாளரே சிரித்துவிட்டார். அவளும் சிரித்தபடி வலது கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கட்டைகள் காலிப் பெட்டியின் மூடி போல லேசாக அமுங்கின. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் துணிக்கடியில் பட்டது இது இல்லை.

"அந்த ஓரத்துல இருக்கறது என்னங்க?"

சுவரோரம் நீளமாக, கறுப்பாக ஒன்று இருந்தது. பொத்தான்கள் அதிகம் இல்லை.

"அது எண்பத்தெட்டு கட்டைங்க. பியானோவுல இருக்கற அத்தனையும் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் கனம் உண்டு. ஆனா சத்தம் பத்துதான். தூக்கறதுக்கும் ரெண்டு ஆள் வேணும்."

அவள் அதன் முன் உட்கார்ந்தாள். "முதல்ல அணைச்சுட்டுத் தொட்டுப் பாருங்க. கட்டை கடகடன்னு ஆடுதா, சட்டுன்னு மேல வருதான்னு கைக்கே தெரியும்" என்று அவர் சுவிட்சை அணைத்தார். அவள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். இடது கோடியில் கட்டைகள் கனத்தன. வலப்பக்கம் போகப் போக லேசாயின. அந்த வித்தியாசம் படிப்படியாக மாறுவதை விரல்கள் கண்டுபிடித்துக்கொண்டன. பிறகு அவர் சுவிட்சைப் போட்டார். மெதுவாக ஒன்றைத் தொட்டாள், காதோடு பேசுவது போல வந்தது. அதையே அழுத்தித் தொட்டாள், அறை அதிர்ந்தது. கீழே இருந்த மிதியை மிதிக்கச் சொன்னார் அவர். மிதித்தபடி அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். சத்தம் போகாமல் நின்றது.

அவளும் அசையாமல் இருந்தாள். நாத்தனார்கூட நாயை நிறுத்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டான்.

"வாங்கியாச்சா?"

"வேற ஒண்ணு பார்த்திருக்கேங்க. இது பெருசு. சத்தம் பத்துதான்."

இரண்டு விநாடி. "பத்தா? அதுல அறுநூறு இருக்கேம்மா! தாளம் வேற தானா போடும்!"

"தானா போடற தாளம் எனக்கு எதுக்குங்க?"

நாத்தனார் தொலைபேசியைப் பிடுங்கி, "அண்ணா, உன் பொண்டாட்டி நாயை விட்டுட்டு யானையைக் கேக்கறாங்க!" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படி என்ன இருக்கு அதுல?" என்றான் அவன். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

என்ன சொல்வதென்று அவள் யோசித்தாள். "இதை மெதுவா தொட்டா மெதுவா பேசுது. அழுத்தித் தொட்டா அழுத்திப் பேசுதுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "தொட்ட உடனே பேசுது."

இந்த முறை பதில் வர இரண்டு விநாடிக்கு மேலேயே ஆயிற்று. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறுபடவில்லை. அங்கே இயந்திரங்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அதையே வாங்கிடு" என்றான்.

நாத்தனார் பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. பில் போடுவதற்குள் தாங்கி, மிதி, உட்காரும் பலகை, காதில் மாட்டும் ஹெட்ஃபோன் என்று எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட்டாள். கிளம்பும்போது, விற்பனையாளரின் சாய்ந்த கண்ணாடியைப் பட்டறைக்காரியான அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "உங்க கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க" என்று அவரிடமிருந்து வாங்கி, காதுக் கம்பியை இரண்டு விரலால் வளைத்து, மூக்குத் தாங்கியை ஒரு நெருக்கு நெருக்கிக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார். "அட, ரெண்டு வருஷமா தலைவலின்னு மாத்திரை போட்டுட்டு இருந்தேனே!" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இடம் இல்லை என்பது புரிந்தது. ஜன்னலோரம் மட்டுமே அது நுழையும். அங்கே கணவனின் சாய்வு நாற்காலி கிடந்தது. பத்து மாதமும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள், தூசு மட்டும் தட்டுவாள். நாத்தனார் நாற்காலியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணன் வந்தா எங்க உக்காருவான்?"

"முதல்ல வரட்டும்" என்றாள் அவள். நாற்காலியை மடித்துப் பரணில் ஏற்றினார்கள். தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அன்று முழுக்க அவள் அந்தப் பக்கம் பார்க்காமலேயே நடந்தாள்.

புதன்கிழமை மாலைகளில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள், "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். "விரலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம் அக்கா. ஆனா இடது கையும் உங்க கைதான், அதை வேண்டாத சொந்தக்காரங்க மாதிரி நடத்தாதீங்க." உண்மைதான். வலது கை ஒரு வாரத்தில் படிந்தது. இடது கை மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போன பெண் போல ஒவ்வொன்றுக்கும் தயங்கி நின்றது. மோதிர விரலைத் தூக்கினால் சுண்டு விரலும் கூடவே எழுந்து வந்தது. பட்டறையில் இயந்திரம் சுற்றும்போது மேசை விளிம்பில் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருக்கும். முதலாளி பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போய்விடுவார்.

ஆறு மாதத்தில் ஒரு பாட்டு கைக்கு வந்தது. மெதுவான நடன இசை, இரண்டே பக்கம், இரண்டரை நிமிஷம். அவன் வந்ததும் அதை வாசித்துக் காட்டுவதாக அவனிடமே சொல்லியிருந்தாள். ஜன்னல் திரையை மாற்றினாள். ஒரு வாரம் விடுப்பு சொல்லி வைத்தாள். அவன் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது தொலைபேசி வந்தது.

"மாத்து ஆள் வரலைம்மா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கச் சொல்லிட்டாங்க."

அவள் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வைத்த பிறகு நேராகப் போய்க் கீபோர்டின் முன் உட்கார்ந்து, இடது கோடியிலிருந்த கட்டைகளை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார்.

"ஆமாங்க. எடுத்து வெச்சுட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவனே கேட்டான், அந்தப் பாட்டைப் போனிலேயே வாசித்துக் காட்டும்படி. தொலைபேசியைக் கட்டைகளுக்கு மேல் சாய்த்து வைத்துவிட்டு வாசித்தாள். ஒரு தப்புகூட வரவில்லை. முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தால் லைன் எப்போதோ அறுந்திருந்தது. பேசிய நேரம் ஐம்பது விநாடி என்று காட்டியது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டான்.

"கேட்டுச்சாங்க?"

"முழுசும் கேட்டேனே! பிரமாதம்!"

"கடைசி எப்படி இருந்துச்சு?"

இரண்டு விநாடி. "கடைசிதான் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் கண் நிரம்பிவிட்டது. அவனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. "அங்கதான் நானும் கஷ்டப்பட்டேன்" என்றாள்.

இரண்டு மாதம் என்றது மூன்றாகி, ஒருவழியாக அவன் வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டி, பிடரி கறுத்து வந்தவன் இரண்டு நாள் தூங்கினான். மூன்றாம் நாள் காலை, அவன் எழுந்துவிடக் கூடாதென்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். முடித்துத் திரும்பினால், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டொக்கு டொக்குன்னு கட்டை தட்டற சத்தம்தான் கேக்குது. எனக்குக் கிடையாதா?"

அவள் ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் பாதி தாண்டியதும் அவன் முகம் மாறியதைக் கவனித்தாள். இதுவரை கேட்காததைக் கேட்பவனின் முகம் அது. அவள் நிறுத்தாமல் வாசித்தாள். முடிந்ததும் அவன் எழுந்து வந்து அவளுடைய வலது கையை எடுத்து, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். கிரீஸ் ஊறிக் காய்த்துப்போன விரல் அவனுடையது.

"நான் இல்லாதப்பவே இவ்வளவு கத்துக்கிட்டியா?" என்றான்.

"நீங்க இருந்திருந்தா இதுல கால்வாசிகூட வந்திருக்காது" என்றாள். சொன்ன பிறகுதான் அது கிண்டல் மட்டுமல்ல என்பது இருவருக்கும் உறைத்தது. அவன் அவள் கையை விடவில்லை.

அந்த முறை ஏழு வாரம்தான் வீட்டில் இருந்தான். நிலத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று நான்கு இடங்களில் ஏறி இறங்கினான். ஐம்பது வயதை நெருங்கும் கப்பல் ஃபிட்டரை யாரும் உட்காரச் சொல்லக்கூட இல்லை. புதிய கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டான். ஒரு புதன்கிழமை மதியம் துறைமுக வாசலில் அவனை விட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் நடந்து போனான். வளைவில் ஒருமுறை திரும்பி, கையைத் தூக்கி, காற்றில் ஐந்து விரலையும் கட்டைகளில் ஓட்டுவது போல ஓட்டிக் காட்டினான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அவன் மறைந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தாள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. பஸ் பிடித்து நேராக வகுப்புக்குப் போனாள். அரை மணி முன்னதாகவே வந்து நின்றவளைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவள், "என்ன அக்கா, இன்னிக்கு லீவுன்னு நெனச்சேன். அண்ணா கிளம்பற நாளாச்சே?" என்றாள்.

"கிளம்பிட்டார்." அவள் பலகையில் உட்கார்ந்து, உயரத்தைச் சரிசெய்துகொண்டாள். "இதைவிடப் பெரிய பாட்டு ஏதாவது இருந்தா குடும்மா."

அந்தப் பெண் அலமாரியில் துழாவி, தாள்கள் பழுத்துப்போன புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிக் காட்டினாள். "இது ரொம்ப அழகா இருக்கும் அக்கா. ஆனா பதினாலு பக்கம். இடது கைக்கு நெறைய வேலை. கைக்கு வர்றதுக்கு எட்டு மாசம், பத்து மாசம்கூட ஆகலாம். பரவாயில்லையா?"

"சரியா இருக்கும்" என்று அவள் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.