ஜிப்பக்காவின் மூன்றடி

தெருவை இடித்துத் தரைமட்டமாக்கி இருபது வருடம் கழித்து, அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. தெரு உயிரோடு இருந்தபோது ஒரு சாக்கடை மூடி போட்டுத்தர மனம் வராத நகராட்சி அது. இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எந்தக் கடை எங்கே இருந்ததோ அங்கே தரையில் ஒரு பித்தளைத் தகடு பதித்து, பெயரையும் தொழிலையும் பொறிக்கப் போகிறார்களாம். அதன்மேல் கார் ஏறி நிற்கும். மரியாதை அந்த மட்டில்தான். இடம் காட்டப் பழைய கடைக்காரர்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஜிப்பக்கா தனக்கும் ஒரு தகடு வாங்கிவிட வேண்டும் என்றே வந்திருந்தாள். இஸ்திரிக் கடைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில், ஒரு ஸ்டூலும் தகரப் பெட்டியும் குறடும் வைத்துக்கொண்டு ஜிப்பு ரிப்பேர் செய்தவள் அவள். பல் போன ஜிப்பு, பாதியில் நின்ற ஜிப்பு, மேலே ஏறி இறங்க மறுக்கும் ஜிப்பு எல்லாம் அவளிடம்தான் வரும். முன்பக்கத்தைப் பையால் மறைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்காத ஆண்பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. பெரிய மனுஷன், சின்ன மனுஷன் என்ற பேதமெல்லாம் ஜிப்பு அறுகிற வரைக்கும்தான் என்பாள்.

போன மாதம் பேத்தியின் வருங்கால மாமியார் வீட்டார் வந்திருந்தார்கள். "அம்மா வீட்டத்தான் பாத்துக்கிட்டாங்க. வேலைக்கெல்லாம் போனதே இல்ல" என்று மகன் அவர்களிடம் கூசாமல் சொன்னான். அவனைப் படிக்க வைத்ததே அந்தக் குறடுதான். ஜிப்பக்கா காபித் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தாள். சபையில் மகனை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பித்தளையில் பொறித்துவிட்டால் எவன் மறைப்பான்? இன்றைக்கு அவளைக் கூட்டி வந்தவனும் அவன்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகராட்சி ஒரு சின்னப் பெண்ணைச் சாக்பீஸோடு அனுப்பியிருந்தது. பாவம், நல்ல பெண். தெரு தொடங்கிய மூலையிலிருந்து, இடிபடாமல் தப்பித்த ஒரே பிரஜையான தபால் பெட்டி வரைக்கும்தான் கடைவரிசை என்று கோடு போட்டாள். "அவங்கவங்க கடை இருந்த எடத்துல நின்னு, எவ்ளோ அகலம்னு கைய விரிச்சுக் காட்டுங்க. நான் கோடு போட்டுக்கறேன்" என்றாள். வந்த வினை அது.

செத்துப்போன பசு குடம் குடமாகப் பால் கறந்தது என்பார்கள். கடைகளும் அப்படித்தான். பல்லுக்காரர் முதலில் நின்றார். அவர் பல் பிடுங்கக் கற்ற இடம் எது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஒரே நாற்காலி போட்டிருந்த மனிதர், இப்போது காத்திருக்க ஒரு ஹால் இருந்ததாகச் சொல்லி நான்கு எட்டு நகர்ந்து நின்றார். இஸ்திரிக்காரர் இரண்டு மேஜைக்கு இடம் கேட்டார். போட்டோக்காரருக்கு மேக்கப் ரூமே இருந்ததாம். உடைந்த சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் தொங்கிய ஆணியைத்தான் அவர் சொன்னார். பாத்திரக்கடைக்காரர் தபால் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டார். வரிசையில் கடைசி ஆளான சவப்பெட்டிக் கடைக்காரர் நடுரோட்டில் நின்றார். பஸ்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். "எனக்கு இங்கதான் வருது, நான் என்ன பண்ண?" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவர் சரக்கு அவருக்கே உதவியிருக்கும்.

"கொஞ்சம் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்!" என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

நெருங்கினார்கள். இளைத்தவன் எவனோ அவன் இடத்தில்தானே எல்லோரும் நெருங்குவார்கள்? போட்டோக்காரரின் இடது கை இஸ்திரிக்காரரின் வலது கையைத் தொட்டது. நடுவில் ஒரு ஊசி நுழைய இடமில்லை. ஜிப்பக்கா வெளியே நின்றாள்.

"ஏம்பா, நடுவுல நான் இருந்தேனே?"

"அக்கா, அது மாடிப்படிக்கு அடியில. அத கடைன்னு சொல்ல முடியுமா?" என்றார் போட்டோக்காரர்.

"உன் கல்யாணத்தன்னிக்கு பேன்ட்டப் புடிச்சுக்கிட்டு ஓடி வந்தப்ப அது கடையாத்தானடா தெரிஞ்சுது?"

சிரிப்பு எழுந்தது. போட்டோக்காரரும் சிரித்தார். ஆனால் கை இம்மிகூட மடங்கவில்லை. இஸ்திரிக்காரர் வானத்தைப் பார்த்தார். "இடமே இல்லையேம்மா. மொத்தமா ஒரு போர்டு வைப்போம், அதுல ஓரமா உங்களையும் போடறேன்" என்று அந்தப் பெண் சங்கடப்பட்டாள்.

ஓரமா! ஜிப்பக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. இடுப்பில் கை வைத்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள்:

"வண்டி வருதேய்ய்ய்!"

அது என்ன வண்டி என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. அந்தக் காலத்தில் வெளியே நீட்டி வைத்த சாமானையெல்லாம் அள்ளிக்கொண்டு போக நகராட்சி லாரி வரும். படிக்கு அடியில் தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருந்ததால் ஜிப்பக்கா கண்ணுக்குத்தான் முதலில் படும். அவள் கத்தினால் தெருவே ஒரு மூச்சில் உள்ளே ஒடுங்கிவிடும். அந்தச் சத்தம் அத்தனை பேருக்கும் எலும்பில் ஏறியிருந்தது.

மூட்டுவலி, சர்க்கரை, ஆபரேஷன் எதுவும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பல்லுக்காரர் இல்லாத போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தார். இஸ்திரிக்காரர் இல்லாத மேஜையை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். போட்டோக்காரர் கை இரண்டையும் மடக்கி வயிற்றை எக்கி, சுவரில்லாத இடத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். சவப்பெட்டிக்காரர் ரோட்டிலிருந்து தபால் பெட்டிக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். மொத்த வரிசையும் கோட்டுக்குள் அடங்கிவிட்டது. நடுவில் ஒரு இடைவெளி.

ஜிப்பக்கா விறுவிறுவென்று போய் அதில் நின்றுகொண்டாள்.

"கோடு போடும்மா, சீக்கிரம்! இந்தத் தடிமாடுங்க மூச்சு விடறதுக்குள்ள போடு!"

அவர்களே ஒதுங்கிக் கொடுத்த இடம். மறுக்க எந்த முகத்தை வைத்துக்கொள்வார்கள்? கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே அந்தப் பெண் கட்டம் போட்டாள். "அகலம் எவ்ளோம்மா எழுதட்டும்?"

ஜிப்பக்கா இடமும் வலமும் பார்த்தாள். ஊர் முழுக்கப் புளுகும்போது தான் மட்டும் அரிச்சந்திரனாக இருந்து என்ன ஆகப்போகிறது?

"நாலு. வேணாம், நாலரைன்னு போட்டுக்க."

"ஏம்மா, அது மூணடிகூடத் தேறாதே!"

பின்னாலிருந்து வந்த குரல் மகனுடையது. அம்மா கத்திய சத்தத்தில் காரை விட்டு ஓடி வந்திருக்கிறான், ஒரு காலில் செருப்பில்லை. "ரெண்டு பக்கமும் உன் முழங்கை இடிக்கும். ஸ்கூல் விட்டு வந்தா எனக்கு உக்கார எடமிருக்காது. மேல படியில உக்காந்துதான வீட்டுப்பாடம் எழுதுவேன்? குறடு கேட்டா எடுத்துக் குடுப்பேன். மறந்துட்டியா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. சுற்றி அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கடா மறந்தேன்?" என்றாள் ஜிப்பக்கா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.

"மூணே போடும்மா. கூட இருந்து பாத்தவன், இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."