இடுப்புப் பட்டியின் தையல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்முனையில் என்னிடம் துணி தைக்கக் கொடுத்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் எண்பத்தொன்றாம் ஆண்டு நடந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வரமாட்டார். இருந்த ஒரே வீட்டை எனக்கு எழுதித் தந்து கலியாணம் முடித்துவைத்த கையோடு வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். தங்கை றபீக்காவுக்கு மிஞ்சியது பக்கத்து வளவும், அதில் பாதியில் நின்ற அத்திவாரமும்தான். பாலமுனையில் இப்றாஹிம் என்ற பிள்ளையைப் பேசியிருந்தோம். றபீக்காவுக்கு அவர்மேல் ஆசை. அவர் பெயரைச் சொன்னாலே எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு வருஷத்துக்குள் வீடு எழும்ப வேண்டும் என்று அவர் வீட்டார் தவணை சொன்னார்கள்.

அந்த வீட்டைக் கட்டத்தான் தம்பி மசூர் சவூதிக்குப் புறப்பட்டான். மேசன் வேலை. ஏஜென்சிக்காரர் அச்சிமுகம்மது கொழும்புக்கும் ஊருக்குமாக அலைந்து விசா எடுத்துக் கொடுத்தார்.

பயணத்துக்கு முதல் நாள் நான் பள்ளிவாசல் லெப்பையிடம் போய் ஒரு தாயத்து எழுதி வாங்கிவந்தேன். எங்கள் குடும்பத்தில் யார் தூரம் போனாலும் அது இல்லாமல் படி இறங்கியதில்லை. மசூர் கையை நீட்ட மறுத்துவிட்டான்.

“வேணாம் ராத்தா. அங்க இதெல்லாம் சூனியம் எண்டு புடிப்பாங்களாம். நூலு, தாயத்து ஒண்டும் கொண்டுபோகக்கூடா எண்டு அச்சிமுகம்மது காக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னவர்.”

“அல்லாஹ்ட கலாமடா இது. அரபு நாட்டான் அரபு எழுத்தப் பார்த்துப் பயப்புடுறானாமா? அந்த மனிசனுக்கு என்ன தெரியும்?”

“இதக் கட்டினா நான் போகமாட்டன்.”

சரி என்று விட்டேன். நானா விடுகிற ஆள்? அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, புதுக் கால்சட்டையின் இடுப்புப் பட்டியைப் பிரித்து, தாயத்துக் கடுதாசியை நாலாய் மடித்து உள்ளே வைத்து, மெஷினில் ஓட்டிவிட்டேன். புதுத் துணியின் விறைப்பில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கைவேலையை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் மசூர் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

“விசாவில பிழையாம். உள்ள விடல்ல. அடுத்த பிளேன்ல திருப்பி ஏத்திட்டாங்க,” என்றான்.

இனி அந்த நாட்டுக்கு வரக்கூடாது என்று பாஸ்போட்டில் முத்திரை குத்தியிருந்தார்கள். றபீக்கா பக்கத்து வளவுக்குப் போய் அத்திவாரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தாயத்து இருந்துமா இப்படி என்று என் மனம் கேட்டது. அவ்வளவுதான் எனக்கு அப்போது ஓடிய புத்தி.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அச்சிமுகம்மதின் வாசலுக்குப் போனேன். தெருவே கூடும்படி ஏசினேன். ஒரு குமரின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டவன் என்றேன். அவர் பிள்ளைகளையும் விடவில்லை. மனிசன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“விசா சரியாத்தான் இருந்திச்சு தங்கச்சி. அங்க என்ன நடந்ததெண்டு உங்கட தம்பியிட்டக் கேளுங்க,” என்றார்.

அதற்கும் சேர்த்து ஏசிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மசூரின் உடுப்புகளைத் துவைக்க எடுத்தேன். கால்சட்டையின் பட்டியை ஒரு சாண் நீளத்துக்குக் கத்தியால் கீறியிருந்தார்கள். உள்ளே கடுதாசி இல்லை. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்ற மசூரிடம் போனேன்.

நான் கேட்கும் முன்பே அவன் சொன்னான். “எயாப்போட்டில தடவிப் பார்க்கக்குள்ள கடுதாசி சரசரத்திச்சு. ஒரு கேரளாக்காரனக் கூட்டிவந்து இது என்ன சூனியமெண்டு கேக்க வெச்சாங்க. எனக்கு ஒண்டும் தெரியா எண்டன். நம்பல்ல. தையலப் பார்த்ததும் எனக்கு விளங்கிட்டு ராத்தா.”

“பொறகு ஏன்டா பொய் சொன்ன? அந்த மனிசன அவ்வளவு ஏசிட்டு வாறனே.”

“உண்மையச் சொன்னா றபீக்கா உங்கட மொகத்துல முழிப்பாளா? மாப்பிள்ளையும் இல்லாம, ராத்தாவும் இல்லாம அவள் என்ன செய்வாள்?”

அன்றே நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். தவணை முடிந்ததும் இப்றாஹிம் அட்டாளைச்சேனையில் வீடுள்ள ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்தார். அன்றும் சொல்லவில்லை. அச்சிமுகம்மதிடம் மன்னிப்புக் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, அந்தத் தெருவால் போவதையே விட்டுவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழு வருஷம் ஆகிறது. மசூர் ஊரிலே கிடைக்கிற மேசன் வேலைக்குப் போய் மற்றவர்களுக்கு வீடு கட்டுகிறான். பக்கத்து வளவின் அத்திவாரத்தில் கோழி மேய்கிறது. றபீக்கா என் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து பொத்தான் தைக்கிறாள். அச்சிமுகம்மது சைக்கிளில் எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

“என்ட வாழ்க்கையக் கெடுத்த மனிசன். இவன் நல்லா இருப்பானா ராத்தா?” என்பாள்.

“இருக்கமாட்டான் புள்ள,” என்பேன்.