பித்தளைத் தண்டு, விட்டம் ஐம்பது

கடைசல் பட்டறையில் என் வீட்டுக்காரர் ஃபோர்மேன் ஆனதே என் புண்ணியத்தில்தான். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்: V = πDN/1000. V வெட்டும் வேகம், உலோகத்துக்கு உலோகம் மாறும். D தண்டின் விட்டம். N நிமிடத்துக்கு எத்தனை சுற்று. மெஷினில் வைக்க வேண்டியது N. அதுவோ கும்பலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ஆயிரத்தால் பெருக்கி, πD-யால் வகுத்தால் தனியாக வந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இவருக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் ஏறாது. அப்போது பட்டறையில் எஃகு மட்டும்தான் கடைவார்கள். ஒவ்வொரு விட்டத்துக்கும் N கண்டுபிடித்து நானே அட்டவணை எழுதிக் கொடுத்தேன்.

போன மாதம் பித்தளை ஆர்டர் வந்தது. சோதனைப் பிரிவுக்கு ஆள் தேவை என்றார்கள். படித்த படிப்பு பன்னிரண்டு வருடமாக அடுப்படியில் மக்கிக் கிடக்கிறதே என்று விண்ணப்பம் போட்டேன். "நீ வந்து என்னத்த கிழிக்கப் போற?" என்றார் இவர். போய்த் தேர்வு எழுதினேன். பித்தளைத் தண்டு, விட்டம் ஐம்பது மில்லிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு அறுபது மீட்டர், N என்ன? 382 என்று எழுதினேன். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதலாளி விடைத்தாள்களை இவரிடமே திருத்தக் கொடுத்திருக்கிறார்.

"கோட்ட விட்டுட்டியே," என்றார் சாயங்காலம். "பொண்டாட்டின்னு பாக்காம முட்டை போட்டேன். முதலாளியே பாராட்டினாரு."

"சரியான விடை என்னவாம்?"

சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த அட்டையை எடுத்தார். "இந்தா பாரு, அம்பதுக்கு நூத்தி அம்பத்தொம்போது. தெனமும் இந்த அட்டையப் பாத்து ஓட்டுற கடைசல்காரன் ஒருத்தன் கரெக்டா எழுதிட்டான், அவனையே எடுத்தாச்சு."

என் அட்டவணை. என் கையெழுத்து.

"மேல 'எஃகுக்கு மட்டும்'னு சிவப்புல எழுதியிருந்தேனே, அது எங்க?"

"பாக்கெட்டுல அடங்கல. வெட்டிட்டேன்."

எஃகுக்கு V இருபத்தைந்து, பித்தளைக்கு அறுபது, அதனால் N-உம் மாறும் என்று விளக்கிச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"காலையில முதலாளிகிட்ட சொல்லுங்க."

"சொன்னா என் மானம் என்னாகும்? விடு, உனக்கு இதெல்லாம் எதுக்கு?"

சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "பித்தளைக்கும் ஒண்ணு எழுதிக் குடேன். எழுத்து சின்னதா இருக்கட்டும்."

ஒரு தாளில் V = πDN/1000 என்று மட்டும் எழுதி அவர் சட்டைப் பையில் செருகினேன்.

எடுத்துப் பார்த்தார். "இதுல N எவ்வளவு?"

"உள்ளதான் இருக்கு," என்றேன். "நீங்களே வெளியே எடுத்துக்கோங்க."